பழைய வீட்டில் நெட்வொர்க் வயரிங்: சுவர் திறந்திருந்த மூன்று வாரம்

வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது எங்கள் பட்டியலில் மூன்று வேலைகள்தான் இருந்தன. கரண்ட் வயரிங்கை முழுசாக மாற்றுவது, ஒழுகிக்கொண்டிருந்த குளியலறையைச் சரிசெய்வது, மாடி அறைக்குப் புதுத் தரை போடுவது. நெட்வொர்க் கேபிள் பற்றி யாரும் பேசவில்லை. முதல் நாள் எலெக்ட்ரீசியன் மெஷினை வைத்துச் சுவரில் காடி வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தூசிக்குள் நிற்கும்போதுதான் உறைத்தது. இதைப் பூசி மூடிவிட்டால் இன்னும் இருபது வருஷத்துக்கு யாரும் இந்தச் சுவரை உடைக்கப் போவதில்லை. அன்று மாலையே வேலையை இரண்டு நாள் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, பேப்பரும் சாக்பீஸுமாக உட்கார்ந்தேன்.

காரணம் இல்லாமல் இல்லை. ரவுட்டர் கீழே முன்கூடத்தில் இருந்தது. என் மனைவிக்கு அலுவலக வேலை மாடியின் பின்பக்க அறையில். நடுவில் இரண்டு செங்கல் சுவர், ஒரு கான்கிரீட் தளம். கான்கிரீட்டும் அதற்குள் இருக்கும் இரும்புக் கம்பியும் வைஃபை அலையை நன்றாகவே விழுங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு ஊடுருவும். வேகம் தரும் 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டாவது சுவரிலேயே தளர்ந்துவிடும். வீடியோ மீட்டிங்கின் நடுவே குரல் அறுந்து அறுந்து போகும். ரிப்பீட்டர் ஒன்று வாங்கி மாடிப்படியில் வைத்துப் பார்த்தோம். சிக்னல் கோடு முழுசாகக் காட்டியது, வேகம் மட்டும் வரவில்லை. ஒரே அலைவரிசையில் கேட்டதையே திரும்பச் சொல்லும் ரிப்பீட்டர், கேட்க ஒரு முறையும் சொல்ல ஒரு முறையும் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

எலெக்ட்ரீசியனிடம் விஷயத்தைச் சொன்னபோது, "சார், அதான் வைஃபை இருக்கே, எதுக்கு இந்த வயரெல்லாம்?" என்றார். "அண்ணே, வைஃபை ஒழுங்கா வேலை செய்யணும்னாதான் இந்த வயர் வேணும்" என்றேன். உண்மையும் அதுதான். ஒவ்வொரு தளத்திலும் கூரையில் ஓர் ஆக்சஸ் பாயிண்ட், அதாவது கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாக வீசும் கருவி, வைத்து, அதற்குக் கேபிள் வழியாக இணைப்பு கொடுத்தால் காற்றில் பயணம் ஓர் அறை தூரம்தான். நகராத சாமான்களான டிவி, மேசைக் கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் கேபிளுக்குப் போய்விட்டால், காற்று போனுக்கும் லேப்டாப்புக்கும் மிஞ்சும்.

திட்டம் போட உட்கார்ந்ததும் முதலில் முடிவு செய்ய வேண்டியது மையம் எங்கே என்பது. எல்லாக் கேபிளும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். எலெக்ட்ரீசியனுக்கு இது புதிதாக இருந்தது. விளக்குக்கு வயர் போகிற மாதிரி ஒரு பாயிண்டிலிருந்து அடுத்த பாயிண்டுக்குத் தொடுத்துக்கொண்டே போகலாம் என்று நினைத்தார். நெட்வொர்க் கேபிளில் அது நடக்காது. ஒவ்வொரு பாயிண்டுக்கும் மையத்திலிருந்து தனிக் கேபிள், நடுவில் ஒட்டு கிடையாது. இன்னொரு குழப்பம், 'சுவிட்ச்' என்ற சொல். நெட்வொர்க்கில் அது பல கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி. நான் படியடியில் சுவிட்ச் என்று வரைபடத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து அவர் அங்கே ஒரு விளக்கு சுவிட்ச் போர்டுக்குக் காடி குறித்துவிட்டார். அதற்கப்புறம் பேப்பரில் எல்லா இடத்திலும் 'நெட் பெட்டி' என்று எழுதினேன்.

மையமாக நாங்கள் எடுத்துக்கொண்டது மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமான் போடும் இடம். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இல்லை, இரண்டு தளத்துக்கும் நடுவில் இருக்கிறது, கதவைத் திறந்தால் நிமிர்ந்து நின்று வேலை செய்யலாம். படுக்கையறை அலமாரிக்குள் வைக்கலாம் என்று முதலில் ஒரு யோசனை இருந்தது. ராத்திரி நெட் போனால் தூங்குகிறவர்களை எழுப்பித்தான் சரிசெய்ய வேண்டும் என்பதால் விட்டுவிட்டோம்.

பிறகு அறை அறையாகச் சாக்பீஸோடு நடந்தேன். இதற்கு ஒரு முழு மாலை செலவழித்தது வீண் போகவில்லை. மேசை இன்று இருக்கும் சுவரை மட்டும் பார்க்காமல், நாளைக்கு எந்தச் சுவருக்கு நகரலாம் என்றும் பார்த்தேன். அலுவலக அறைக்கு 2, மகள் அறைக்கு 2, எங்கள் அறைக்கு 2, டிவி பின்னால் 3, இரண்டு தளக் கூரைகளுக்கும் ஒவ்வொன்று, முன்வாசல் கேமராவுக்கு ஒன்று, பின்வாசலுக்கு ஒன்று. மொத்தம் 13 கேபிள். ஓர் இடத்துக்கு ஒன்று போதுமே என்று பலரும் சொன்னார்கள். காடி வெட்டும் உழைப்பு ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஒன்றுதான். கூடுவது கேபிள் மட்டும்.

இனி பைப். இந்தப் பகுதியைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் சரியாக அமைந்ததெல்லாம் பைப்பால் அமைந்தது, கெட்டுப்போனது பைப் இல்லாததால் கெட்டது.

கேபிளைச் சுவரில் நேராகப் பதித்து மேலே பூசிவிடலாம், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்தக் கேபிளுக்கு ஏதாவது ஆனால் அதோடு கதை முடிந்தது. பைப்புக்குள் இருந்தால் பழையதை இழுத்து எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாம். பத்து வருஷம் கழித்து வேறு வகைக் கேபிளோ ஃபைபரோ வேண்டுமென்றாலும் அதே வழி இருக்கிறது. நாங்கள் போட்டது 25 மில்லிமீட்டர் பைப். கேட் 6 (நெட்வொர்க் கேபிளின் தர வகைகளில் ஒன்று) கேபிள் ஒன்று ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தடிமன். பைப்பின் உள்பரப்பில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் இதில் நான்கைந்து கேபிள் சிரமம் இல்லாமல் போகும். 20 மில்லிமீட்டர் போட்டிருந்தால் இரண்டு, தள்ளிப்போனால் மூன்று.

வளைவுதான் எதிரி. கரண்ட் வேலையில் சட்டென்று திரும்பும் எல்போவை மாட்டுவது வழக்கம். நெட்வொர்க் கேபிளுக்கு அது ஆகாது. கேபிளின் தடிமனைப் போல நாலு மடங்காவது வளைவின் ஆரம் இருக்க வேண்டும். மடங்கினால் உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கியிருக்கும் கம்பிகளின் முறுக்கு கலைந்துவிடும். அதனால் எல்லாத் திருப்பத்திலும் நீளமாக வளையும் பெண்டுதான் போட்டோம். ஒரு பைப்பில் இரண்டு திருப்பத்துக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்தோம். இழுக்கும்போது அந்த இடத்தில் ஓர் ஆள் நின்று தள்ளிக் கொடுக்கலாம். கேபிள் அந்தப் பாக்ஸ் வழியாகக் கடந்து போகும், அவ்வளவுதான். அங்கே வெட்டுவதோ ஒட்டுவதோ கிடையாது.

எலெக்ட்ரீசியனோடு எனக்கு ஒரே ஒரு பெரிய வாக்குவாதம் வந்தது. கரண்ட் பைப்பில் இடம் இருக்கிறதே, அதிலேயே இதையும் விட்டுவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சிக்னலில் இரைச்சல் கலக்கும், வேகம் குறையும் என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம் உயிர். கரண்ட் வயரின் உறை எங்காவது உரசிப் போய்ச் செம்பு வெளியே தெரிந்தால், அந்த மின்சாரம் நெட்வொர்க் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கும் அதைத் தொடும் கைக்கும் வந்து சேரலாம். பைப்பும் வேறு, சுவரில் பதிக்கும் பாக்ஸும் வேறு என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இரண்டும் பக்கத்தில் ஓட வேண்டிய சுவரில் ஒரு சாண் இடைவெளி விட்டோம். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர் குறுக்காக, கூட்டல் குறி மாதிரி கடந்தோம். காரணம் சொன்னபின் அவரே அடுத்த அறைகளில் அளந்து பார்த்து வைத்தார்.

பைப் பதித்த கையோடு ஒவ்வொன்றிலும் நைலான் கயிறு விட்டு, இரு பக்கமும் இழுத்துப் பார்த்தேன். பிறகு வாயை மூடி டேப் ஒட்டினேன். ஒன்பது பைப்பில் எட்டுக்குத்தான் டேப் ஒட்டினேன் என்பது பூச்சு முடிந்தபின் தெரிந்தது. மகள் அறையின் ஒரு பைப்பில் சிமெண்ட் பால் இறங்கிக் கெட்டியாகிவிட்டது. கயிறு அசையவில்லை. கொத்தனார் ஒன்றும் சொல்லாமல் ஓரடி நீளம் சுவரைத் திரும்ப உடைத்து, அந்தத் துண்டை மாற்றிக் கொடுத்தார். பூச்சு வேலை தொடங்கும் காலையில் எல்லாப் பைப் வாயையும் பாக்ஸையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். பாக்ஸுக்குள் கசக்கிய காகிதத்தைத் திணித்துவிட்டால் சிமெண்டும் போகாது, பெயிண்டும் போகாது. பாக்ஸ் வாங்கும்போதே ஆழமானதாக வாங்குவது நல்லது. ஆழமில்லாத பாக்ஸில், ஜாக்கின் (சுவரில் நெட் கேபிளைச் செருகும் துளை) பின்னால் கேபிள் மடிந்துகொள்ளும்.

இன்னும் இரண்டு பைப் கேபிள் எதுவும் இல்லாமல் போட்டோம். ஒன்று வெளிச்சுவரிலிருந்து படியடிக்கு, இணைய நிறுவனத்தின் ஃபைபர் உள்ளே வர. இதை யோசிக்காமல் விட்டால், நிறுவல் செய்ய வருகிறவர் தனக்கு எது சுலபமோ அந்த ஜன்னல் ஓரமாகத் துளை போட்டு, கருவியை அங்கேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார். நமது மையம் ஓரிடம், இணையம் நுழையும் இடம் வேறிடம் என்று ஆகிவிடும். ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி இழை, திருப்பம் இன்னும் அகலமாக இருக்க வேண்டும். வெளியே திறக்கும் வாயைக் கீழ்நோக்கி வளைத்து வைத்தோம், மழைத்தண்ணீர் வழிந்து உள்ளே வராமல் இருக்க. இரண்டாவது காலி பைப் படியடியிலிருந்து மகள் அறையின் எதிர்ச்சுவருக்கு. அதை ஏன் போட்டேன் என்று அப்போது கேட்டிருந்தால் சரியான பதில் என்னிடம் இருந்திருக்காது. சுவர் எப்படியும் திறந்திருந்தது.

கேபிள் எந்த வகை என்பதில் பலரும் அதிக நேரம் செலவழிக்கிறார்கள். வீட்டுக்கு இது அத்தனை பெரிய கேள்வி இல்லை. செம்புக் கேபிளில் 1 கிகாபிட் வேகத்துக்கான தரம் 1999இல் வந்தது. கேட் 5ஈ அதை 100 மீட்டர் வரை சுமக்கும். 2016இல் வந்த தரத்தின்படி அதே கேட் 5ஈயில் 2.5 கிகாபிட்டும் ஓடும். கேட் 6இல் 10 கிகாபிட்டைச் சுமார் 55 மீட்டர் வரை கொண்டுபோகலாம். கேட் 6ஏயில் 100 மீட்டர் முழுக்கப் போகும், ஆனால் கேபிள் தடிமன், வளைப்பது சிரமம். எங்கள் வீட்டின் மிக நீளமான ஓட்டமே 18 மீட்டர்தான். கேட் 6 எடுத்தோம், உலோக உறை இல்லாதது. உறை போட்டதற்குச் சரியாக எர்த் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் போட்டும் பலன் இல்லை. கேட் 8 என்று ஒன்று விற்கிறார்கள், அது தரவு மையங்களில் 30 மீட்டருக்குள் ஓடுவதற்கானது. வீட்டுக்கு வேண்டியதில்லை.

வகையைவிட முக்கியம், உள்ளே இருப்பது செம்பா என்பது. முதலில் வந்த 305 மீட்டர் பெட்டியைத் தூக்கியதுமே லேசாக இருந்தது. ஒரு முனையை வெட்டி, கம்பியைக் கத்தியால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது. பெட்டியின் மேல் கேட் 6 என்றுதான் அச்சடித்திருந்தார்கள், ஆனால் அந்தத் தரம் முழுச் செம்பைத்தான் கேட்கிறது. அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். இரண்டு முறை வளைத்தால் ஒடியும். கேபிள் வழியாகவே மின்சாரமும் அனுப்பும் பிஓஇ முறையில் ஆக்சஸ் பாயிண்டும் கேமராவும் ஓடப்போகிறது என்றால், அந்தக் கூடுதல் தடை சுவருக்குள் சூடாக மாறும். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'முழுச் செம்பு' என்று எழுதி வாங்கிக்கொண்டு வேறு பெட்டி எடுத்தேன். அதையும் சுரண்டிப் பார்த்த பிறகுதான் பைப்புக்குள் விட்டோம். இந்த ஒரு நிமிஷச் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

சுவருக்குள் போவது, உள்ளே ஒவ்வொரு கம்பியும் ஒற்றைக் கம்பியாக இருக்கும் கேபிள். ஜாக்கிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் சின்னக் கேபிள், மெல்லிய இழைகள் சேர்ந்தது. அடிக்கடி அசைவதைத் தாங்குவது அந்த இழைக் கேபிள்தான். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுக்கக் கூடாது.

பூச்சு காய்ந்தபின் கேபிள் இழுத்தோம். இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தள்ள, ஒருவர் இழுக்க. ஒரே பைப்பில் போக வேண்டிய கேபிள்களை ஒன்றாகச் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும். முதலில் ஒன்று, அப்புறம் இன்னொன்று என்று விட்டால் இரண்டாவது முதலாவதின் உறையை உரசிக்கொண்டே போகும். கையில் ஒரு பெட்டிதான் இருந்ததால், முதல் கேபிளைக் கூடத்துத் தரையில் நீளமாகப் போட்டு அளந்து வெட்டி, பெட்டியிலிருந்து வரும் கேபிளோடு சேர்த்துக் கட்டி இழுத்தோம். கூடவே புதுக் கயிறு ஒன்றையும் கட்டினோம், அடுத்த தடவைக்காக. இறுகினால் பலம் போடக் கூடாது. ஒரு கேபிளில் சுமார் 11 கிலோ இழுவைக்கு மேல் போனால் உள்ளே கம்பி நீண்டு மெலிந்துவிடும். பின்னால் வாங்கி, திரும்ப மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். அறைப் பக்கம் ஒரு முழம், படியடியில் 3 மீட்டர் மிச்சம் விட்டோம்.

பெயர் ஒட்டுவது இழுத்த அந்த நிமிஷமே நடக்க வேண்டும், இரண்டு முனையிலும். சாயங்காலம் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் படியடியில் ஒரே நிறத்தில் 13 கேபிள் தொங்கும். நான் இன்னொன்றும் செய்தேன். கேபிள் உறையில் மீட்டர் எண் அச்சடித்திருக்கும். இரு முனையிலும் உள்ள எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டேன். ஸ்டிக்கர் உரிந்தாலும் எண்ணை வைத்துக் கேபிளைக் கண்டுபிடிக்கலாம், நீளமும் தெரிந்துவிடும்.

அடுத்தது நான் மூன்று நாள் தூக்கம் இழந்த விஷயம். எல்லாக் கேபிளையும் சோதிக்க, எலெக்ட்ரீசியனின் உதவியாளர் தம்பி முனைகளில் தற்காலிகமாகப் பிளக் அடித்துக் கொடுத்தான். கையடக்கச் சோதனைக் கருவியை மாட்டினால் 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரிந்தது. எல்லாம் சரி என்றுதான் தோன்றியது. லேப்டாப்பை மாட்டினால் சில கேபிளில் இணைப்பு வந்து வந்து போகிறது, சிலவற்றில் இருக்கிறது ஆனால் பக்கம் திறக்கவில்லை. கேபிளே மோசமோ, இழுத்ததில் அறுந்ததோ என்று என்னென்னவோ நினைத்தேன். கடைசியில் பிளக்கை உற்றுப் பார்த்தபோது தெரிந்தது. தம்பி நிறங்களை அழகாக ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தான்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் அதே வரிசை. பார்ப்பதற்கு அதுதான் நியாயமான வரிசை.

நெட்வொர்க்குக்கு அது தப்பு. கேபிளுக்குள் இரண்டிரண்டு கம்பிகளை முறுக்கி வைத்திருப்பது காரணத்தோடுதான். ஒரு ஜோடியின் இரண்டு கம்பியிலும் எதிரெதிரான சிக்னல் போகிறது. வெளியிலிருந்து இரைச்சல் வந்தால் முறுக்கு காரணமாக இரண்டிலும் ஒரே அளவு ஏறும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். இந்த ஏற்பாட்டில் பிளக்கின் எட்டு ஊசிகளில் 3ஆம் ஊசியும் 6ஆம் ஊசியும் ஒரு ஜோடி, 4உம் 5உம் ஒரு ஜோடி. தம்பியின் வரிசையில் 3இல் வெள்ளைப் பச்சை, 6இல் நீலம். மின்சாரம் போகும், அதனால் விளக்கு எரியும். ஆனால் ஜோடி சேராத இரண்டு கம்பிகள் ஒரு சிக்னலைச் சுமக்கின்றன, கழிய வேண்டிய இரைச்சல் கழியவில்லை.

சரியான வரிசை, நாங்கள் எடுத்துக்கொண்ட 568பி என்ற நிற வரிசை முறையில் இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. 568ஏ என்று இன்னொரு முறை உண்டு, அதுவும் இதே அளவு நல்லதுதான். வீடு முழுக்க ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டும். பிளக்கை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, தம்பியையும் உட்கார வைத்து இரண்டு பேருமாகச் செய்தோம். காரணம் தெரிந்ததும் அவன் என்னைவிட வேகமாகச் செய்தான்.

நிரந்தர வேலைக்குப் பிளக்கே வேண்டாம். சுவரில் ஜாக், படியடியில் பேட்ச் பேனல், அதாவது எல்லாக் கேபிளும் வந்து முடியும் ஜாக் வரிசை. ஜாக்கில் நிறக்குறி அச்சடித்தே இருக்கும், ஏ எது, பி எது என்று பார்த்துக் கம்பியை வைத்து அழுத்தும் கருவியால் தட்டினால் போதும். முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்துக்குள் இருக்கட்டும். வேலை சுலபமாக இருக்கும் என்று ஓரங்குலம் இரண்டங்குலம் பிரித்துவிட்டால், நாம் காசு கொடுத்து வாங்கிய தரத்தை அந்த இரண்டங்குலத்தில் தொலைத்துவிடுவோம்.

கடைசிச் சோதனைக்கு விளக்கு எரிவதை நம்பவில்லை. ஒவ்வொரு ஜாக்கிலும் லேப்டாப்பை மாட்டி, இணைப்பு வேகம் என்ன காட்டுகிறது என்று பார்த்தேன். பின் வேகம் அளக்கும் ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருளால் இரு முனைக்கும் நடுவே தரவை ஓட விட்டேன். 1 கிகாபிட் இணைப்பில் 940 மெகாபிட் சுற்றி வந்தால் நல்ல கேபிள். எங்கள் அறையின் ஒரு ஜாக் மட்டும் 100 மெகாபிட்டில் நின்றது. இந்த எண்ணைப் பார்த்தாலே சந்தேகப்பட வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், 1 கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு ஜோடி விட்டுப்போனால் கருவிகள் சத்தம் போடாமல் கீழே இறங்கி 100இல் ஓடும். நெட் வருகிறதே என்று பல வீடுகளில் வருஷக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். எங்களுடையதில் பழுப்புக் கம்பி ஒன்று ஜாக்கில் சரியாக அமுங்கவில்லை. திரும்பத் தட்டியதும் 1 கிகாபிட் வந்துவிட்டது.

படியடிப் பெட்டியில் பேட்ச் பேனல், 16 போர்ட் நெட் சுவிட்ச், ரவுட்டர், ஃபைபர் கருவி. சுவிட்ச் வாங்கும்போது விசிறி இல்லாததைத் தேடி எடுத்தோம். வீட்டுக்குள் அந்த இரைச்சல் ராத்திரியில் கேட்கும். அதில் பாதிப் போர்ட்டுகளில் பிஓஇ இருக்கிறது. சாதாரண பிஓஇ ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை கொடுக்கும், அடுத்த தரம் 30 வாட். ஆக்சஸ் பாயிண்ட் எவ்வளவு கேட்கிறது என்று பார்த்து, எல்லாவற்றையும் கூட்டி, சுவிட்ச் மொத்தமாக எத்தனை வாட் தாங்கும் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். பிளக் பாயிண்ட் நான்கு வைத்தேன், ஆறு வைத்திருக்க வேண்டும். கதவுக்கு மேலும் கீழும் காற்றுத் துளை வைத்தது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் அந்தச் சின்ன இடம் அடுப்பாகியிருக்கும். இவை எல்லாமே ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் ஓடுகின்றன. கரண்ட் போனாலும் இரண்டு தளத்திலும் வைஃபை நிற்பதில்லை, ஏனென்றால் கூரையில் இருக்கும் கருவிகளுக்கும் மின்சாரம் இங்கிருந்துதான் போகிறது.

ஆக்சஸ் பாயிண்ட் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுத்து, சேனலை (எந்த அலைவரிசைத் துண்டில் வீசுவது என்பதை) மட்டும் மாற்றி வைத்தோம். வெளிவீச்சுச் சக்தியையும் குறைத்தோம். முழுச் சக்தியில் வைத்தால் மாடிக்குப் போன போன்கூடக் கீழே இருப்பதையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

இப்போது அந்த ஒரு கேபிள். பின்வாசல் கேமராவுக்குப் போகும் கடைசி நாலு மீட்டரில் பைப் போடவில்லை. அந்தச் சுவருக்கு எதிரே டைல்ஸ் ஒட்டி முடித்திருந்தார்கள், கொத்தனார் பூசுவதற்குக் கலவையோடு காத்திருந்தார், பைப் தீர்ந்துபோயிருந்தது. சின்ன தூரம்தானே என்று கேபிளை அப்படியே காடியில் வைத்துப் பூசச் சொன்னேன். சோதித்தேன், நன்றாக வேலை செய்தது. ஆறு மாசம் கழித்து அலமாரி மாட்ட வந்த தச்சர் சுவரில் துளை போட்டார். கேமரா அணைந்தது. அந்தச் சுவரின் படம் என் போனில் இருந்தது. பூசும் முன் எல்லாச் சுவரையும் அளவு நாடாவை ஒட்டிப் பிடித்துப் படம் எடுத்திருந்தேன். அதைத் தச்சருக்குக் காட்ட அன்று நான் வீட்டில் இல்லை, வீட்டில் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. பைப்புக்குள் இருந்திருந்தால் பழையதை உருவிவிட்டு அரை மணி நேரத்தில் புதியது போட்டிருக்கலாம். இப்போது அந்த நாலு மீட்டருக்குச் சுவரின் மேலேயே வெள்ளைக் கேசிங் பட்டி ஓடுகிறது. பார்க்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. படங்களை எல்லாம் அச்செடுத்து, கேபிள் எண் குறித்த நோட்டோடு சேர்த்துப் படியடிக் கதவின் உள்பக்கம் ஓர் உறையில் மாட்டிவிட்டேன். சுவரைத் தொடுகிற யார் வந்தாலும் முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் இப்போது தெரியும்.

மனைவியின் மீட்டிங்குகள் அறுவதில்லை. எனக்கு அந்த ஒன்றே போதும். போன வாரம் மகள் தன் மேசையை ஜன்னல் பக்கச் சுவருக்கு நகர்த்த வேண்டும் என்றாள். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறதாம். காரணம் தெரியாமல் நான் போட்ட அந்தக் காலி பைப் அந்தச் சுவரில்தான் வந்து முடிகிறது. மூடியைக் கழற்றிக் கயிற்றை இழுத்துப் பார்த்தேன், தடையில்லாமல் ஓடியது. பெட்டியில் இன்னும் 60 மீட்டருக்கு மேல் கேபிள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவளைப் படியடியில் நிறுத்தித் தள்ளச் சொல்லிவிட்டு, நான் மேலே இருந்து இழுக்கப் போகிறேன்.